அன்னபூரணி பலகை: உருண்டைத் தடிமன் எழுத்தில் சுழி அடைத்துப் போகிறது

காத்ர்போர்ன் மகள்:
வணக்கம். இங்கே மொரிஷியஸில், காத்ர்போர்ன் சந்தைப் பக்கம் அம்மா தால்பூரி வண்டி போடப் போகிறார். பெயர் அன்னபூரணி, என் பாட்டியின் பெயர். ஆங்கிலப் பெயரை ஐடிசி பாஹவுஸ் ஹெவி என்ற தடித்த எழுத்துருவில் அமைத்துவிட்டேன். 1975இல் எட் பென்கியாட்டும் விக்டர் கரூசோவும் வரைந்தது. அந்தக் காலத்தார் கனவு கண்ட எதிர்காலம் போல உருண்டு திரண்டு நிற்கும். அம்மாவுக்கும் பிடித்துவிட்டது.

தமிழுக்குத்தான் சிக்கல். சாதாரண எழுத்துருவுக்கு வெளிக்கோடு கொடுத்துத் தடிமனாக்கினேன். ஸ்டிக்கர் வெட்டி ஒட்டிய பிறகு பார்த்தால், 'ணி'யில் ஒரு சுழி அடைத்துப்போய், எதிர்ப்பக்கம் நின்றால் 'அன்னபூரனி' என்று தெரிகிறது. ரகரம் வெறும் கால் மாதிரி இருக்கிறது. பாட்டி பெயரைப் பிழையோடு மாட்ட மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

போபாசென் பெயின்டர்:
தங்கச்சி, வெளிக்கோடுதான் வினை. அது வெளியே தடிக்கிற அளவு உள்ளேயும் தடிக்கும். மூன்று சுழி ணகரத்துக்குள் இடம் ஏற்கெனவே குறைவு.

நீங்கள் எடுத்த பாஹவுஸையே உற்றுப் பாருங்கள். ஆங்கிலச் சின்ன 'ஏ'யின் (a) வட்டம் முழுசாக மூடாது, ஒரு கீற்று இடைவெளி விட்டு நிற்கும். 1925இல் ஜெர்மனியின் பாஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியில் ஹெர்பர்ட் பாயர் வட்டத்தையும் நேர்கோட்டையும் வைத்து வரைந்த எழுத்துதான் அதற்கு மூலம். அந்தக் கீற்றை ணகரத்துக்கும் கொடுங்கள். எழுத்தை அகலப்படுத்துங்கள், ஆனால் சுழி மூன்றும் எண்ணும்படி இருக்கணும். நான் பலகை எழுதும்போது உள்ளே நிற்கும் வெள்ளையைத்தான் முதலில் சாக்கட்டியால் வரைவேன், அப்புறம் அதைச் சுற்றி பெயின்ட். ரகரத்துக்கு அடியில் சாய்ந்த வால் கட்டாயம். 'ன்' மேலே புள்ளி எழுத்தைத் தொடக்கூடாது.

மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் மொழிகளின் வரிசையில் தமிழின் இடம் மாறியதற்கே 1998இல் கொதித்த ஊர் இது. சுழி ஒன்று குறைந்தால் நம் ஆட்களுக்குக் கட்டாயம் உறுத்தும்.

ரோஸ்ஹில் தம்பி:
அக்கா, முதலிலிருந்து வரைய நேரமில்லை என்றால் கூகுள் ஃபான்ட்ஸில் 'பலூ தம்பி 2' எடுங்கள். இலவசம், கடைப் பலகைக்கும் பயன்படுத்தலாம். அதன் மிகத் தடித்த வகையான எக்ஸ்ட்ராபோல்டிலும் சுழி தெளிவாகத் தெரியும். ஆனால் அது துள்ளலான எழுத்து, பாஹவுஸின் கட்டுக்கோப்பு அதில் இல்லை. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வளைவுகளைக் கொஞ்சம் திருத்தவேண்டி வரும். ஸ்டிக்கர் கடைக்கு அனுப்பும் முன் எழுத்தைப் பாதையாக (path), அதாவது வெறும் கோட்டு உருவமாக மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அங்கே 'ணி'யின் கொக்கி தனியே கழன்று நிற்கும்.

காத்ர்போர்ன் மகள்:
இருவருக்கும் நன்றி. பலூ தம்பியை வைத்து அகலப்படுத்தி, கடைசிச் சுழியில் கீற்று விட்டேன். தாளில் அச்சடித்து கேட்டில் ஒட்டி, பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்கும் அக்கா மகனை எதிர்ப்பக்கம் நிறுத்தினேன். விரலை நீட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டுத்தான் 'ணி' என்றான். ரகரத்தில் மட்டும் கொஞ்சம் தயங்கினான். அந்த வாலை நாளைக்கு இன்னும் கொஞ்சம் நீட்டுகிறேன்.