வீட்டில் ஒரு பிரஷர், பரிசோதனையில் ஒரு பிரஷர்: எதை நம்புவது?

மாலைநேரம்:

வயது 36. வேலைக்காக எடுத்த உடல் பரிசோதனையில் பிபி 148/94 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு ஒரு தொந்தரவும் கிடையாது, தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை, மாடி ஏறினால் மூச்சு வாங்குவதுகூட இல்லை. ஏதோ அவசரத்தில் பார்த்திருப்பார்கள் என்று நினைத்து ஒரு டிஜிட்டல் மெஷின் வாங்கினேன். காலையில் 128/82 காட்டியது, அதே நாள் சாயங்காலம் 141/88, சந்தேகப்பட்டு உடனே மறுபடி பார்த்தால் 133/85. இதில் எதை என் பிபி என்று எடுத்துக்கொள்வது?

அப்பா நாற்பது வயதிலிருந்தே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், அப்படியானால் எனக்கும் வந்தே தீருமா? தெரிந்தவர் ஒருவர் 130ஐத் தாண்டினாலே பிபிதான் என்கிறார், இன்னொருவர் 140 வரை கண்டுகொள்ளவே வேண்டாம் என்கிறார். மாத்திரையை ஒருமுறை ஆரம்பித்தால் அப்புறம் விடவே முடியாது என்ற பயம் வேறு. விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

நாடித்துடிப்பு:

முதலில் அந்த மூன்று எண்களைப் பார்த்துப் பதறாதீர்கள். பிபி நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும், எப்போது பார்த்தாலும் ஒரே எண்ணைக் காட்டினால்தான் மெஷினைச் சந்தேகப்பட வேண்டும். பேசினால் ஏறும், கோபம் வந்தால் ஏறும், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் ஏறும். ராத்திரி தூங்கும்போது பெரும்பாலானவர்களுக்குப் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்கும்.

மேல் எண் என்பது இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும் நேரத்தில் தமனிச் சுவரில் விழுகிற அழுத்தம். கீழ் எண், இரண்டு துடிப்புக்கு நடுவே இதயம் தளர்ந்திருக்கும்போதும் குழாயில் மிச்சம் இருக்கிற அழுத்தம். கையில் பட்டையைக் கட்டிப் பார்க்கும் முறையை 1896இல் ரிவா ரோச்சி என்ற இத்தாலிய மருத்துவர் கொண்டுவந்தார், ஸ்டெதஸ்கோப் வைத்து சத்தம் கேட்டு இரண்டு எண்களையும் பிரித்துச் சொல்லும் வழியை 1905இல் ரஷ்யாவைச் சேர்ந்த கொரோட்காவ் சொன்னார். உங்கள் டிஜிட்டல் மெஷின் சத்தம் எதையும் கேட்பதில்லை. பட்டைக்குள் காற்று அதிர்வதை வைத்துக் கணக்குப் போட்டு எண்ணைச் சொல்கிறது, அதனால்தான் நீங்கள் கையை அசைத்தாலோ நடுவில் யாரோடாவது பேசினாலோ கணக்கு கெட்டுப்போகும்.

சரி, எப்படிப் பார்ப்பது? பார்ப்பதற்கு முந்தைய அரைமணி நேரம் காபி, டீ, சிகரெட், உடற்பயிற்சி எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்திருக்க, கால்மேல் கால் போடாமல் இரண்டு பாதமும் தரையில் பதிய, ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். போனையும் நோண்ட வேண்டாம். கை மேஜைமேல் இதய மட்டத்தில் இருக்க வேண்டும், தொங்கவிட்டால் எண் கூடும். பட்டையைச் சட்டைக்கு மேலே கட்டாதீர்கள், கையின் சுற்றளவுக்குப் பட்டை சின்னதாக இருந்தாலும் பொய்யாக அதிகம் காட்டும். இது பலர் கவனிக்காத விஷயம், பருமனான கைக்குப் பெரிய பட்டை தனியாகவே கிடைக்கிறது. மணிக்கட்டு மெஷினைவிட மேல்கையில் கட்டுவதே நம்பகமானது.

ஒரு நிமிஷ இடைவெளி விட்டு இரண்டு தடவை, காலையிலும் சாயங்காலமும், ஒரு வாரம் பார்த்து எழுதுங்கள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி போடுங்கள். அந்தச் சராசரிதான் உங்கள் பிபி. அது 135/85ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, டாக்டர் அறையில் 140/90 இருப்பதற்குச் சமம் என்று எடுத்துக்கொள்வார்கள். டாக்டரைப் பார்த்தாலே சிலருக்கு ஏறும், வீட்டில் சரியாக இருக்கும். இன்னும் சிலருக்கு நேர் எதிர், டாக்டரிடம் நன்றாக இருந்துவிட்டு வீட்டிலும் வேலை இடத்திலும் ஏறி நிற்கும். இந்த இரண்டாவது வகைதான் ஆபத்து, யாரும் கண்டுபிடிக்காமலே வருஷங்கள் ஓடிவிடும்.

சும்மாஒருவன்:

எல்லாம் மருந்துக் கம்பெனி செய்கிற வேலை சார். முன்பெல்லாம் வயதோடு 100ஐக் கூட்டினால் வருவது நார்மல் என்று டாக்டர்களே சொன்னார்கள். அப்புறம் 140 என்றார்கள், இப்போது 130. இன்னும் கொஞ்ச நாளில் உயிரோடு இருப்பதே வியாதி என்பார்கள். உடம்பில் ஒன்றும் தெரியவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பேசாமல் மெஷினை மூடி வைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

வார்டுவிளக்கு:

சும்மாஒருவன் சொல்வதில் பாதி உண்மை, எல்லை மாறியது நிஜம். ஆனால் ஏன் மாறியது என்று கேட்க வேண்டாமா? வயதோடு பிபி கூடுவது இயல்பு, தலையிடாமல் விட்டுவிடலாம் என்று மருத்துவர்களே நினைத்த காலம் ஒன்று இருந்தது. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு 1944இல் பார்த்தபோது 186/108. அன்றைக்கு அதைக் குறைக்க உருப்படியான மருந்தும் இல்லை. 1945 ஏப்ரல் 12ஆம் தேதி மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார், அன்று எடுத்த அளவு 300/190ஐத் தாண்டியிருந்தது. ஒரு நாட்டின் அதிபருக்கே அவ்வளவுதான் செய்ய முடிந்தது. 1948இல் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வருஷக்கணக்காகப் பின்தொடரும் ஆய்வு தொடங்கிய பிறகுதான், ‘வயதானால் அப்படித்தான்’ என்று விட்டதெல்லாம் மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் போய் நிற்பது தெளிவானது.

பின்னால் பத்து லட்சம் பேரின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்ததில், 40 முதல் 69 வயதுக்குள் மேல் எண் 20 கூடினால், அல்லது கீழ் எண் 10 கூடினால், இதயநோயாலும் பக்கவாதத்தாலும் சாகும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று தெரிந்தது. இந்த ஏற்றம் 115/75லிருந்தே தொடங்குகிறது. அதாவது 139 என்றால் பத்திரம், 140 என்றால் நோய் என்று உடம்புக்குள் யாரும் கோடு போட்டு வைக்கவில்லை, சிகிச்சைக்காக நாம் போட்டுக்கொண்ட கோடு அது. 2017இல் அமெரிக்க இதய அமைப்புகள் அதை 130/80க்கு இறக்கின, உலக சுகாதார நிறுவனம் 140/90ஐயே வைத்திருக்கிறது, ஐரோப்பாவிலும் 140/90தான். உங்கள் நண்பர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு புத்தகத்தைப் படித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 130ஐத் தாண்டிய எல்லோருக்கும் உடனே மாத்திரை என்று அந்த 2017 வழிகாட்டுதலும் சொல்லவில்லை, மற்ற அபாயங்கள் குறைவாக இருந்தால் பழக்கவழக்கத்தை மாற்றுவதுதான் முதல் படி.

இன்னொன்று, ‘எனக்கு ஒன்றும் செய்யவில்லை’ என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். 170 வைத்துக்கொண்டு ஓடியாடி வேலை செய்கிறவர்களை வார்டில் தினமும் பார்க்கிறேன். 2019இல் உலகத்தில் 30 முதல் 79 வயதுக்குள் சுமார் 128 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது, அதில் 46 சதவீதம் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியவில்லை. தெரியாமல் இருக்கும்போதே சிறுநீரகமும் கண் விழித்திரையும் இதயத் தசையும் அடிவாங்கிக்கொண்டிருக்கும்.

கடல்காற்று:

அப்பாவுக்கு இருப்பதால் உங்களுக்கு வாய்ப்பு கூடுதல்தான், ஆனால் வந்தே தீரும் என்றில்லை. ஒரே ஒரு மரபணு செய்கிற வேலை இல்லை இது, ஒவ்வொன்றும் துளித்துளியாகத் தள்ளுகிற நூற்றுக்கணக்கான மரபணு மாற்றங்கள் சம்பந்தப்பட்டவை. அதுவும் போக குடும்பத்தில் மரபணு மட்டுமா வருகிறது? சாப்பாட்டில் போடும் உப்பின் அளவும், நடக்காமல் உட்கார்ந்தே இருக்கும் பழக்கமும் சேர்ந்தே வருகின்றன. வயதாக ஆக தமனிச் சுவர் பழைய ரப்பர் குழாய் மாதிரி விறைத்துப்போகும், அதனால்தான் ஐம்பது அறுபதைத் தாண்டியவர்களுக்கு மேல் எண் மட்டும் எகிறி, கீழ் எண் பழையபடியோ இறங்கியோ இருக்கும். உங்கள் வயதில் கதை வேறு, எது தள்ளுகிறது என்று தேடிப் பார்ப்பதில் பலன் உண்டு.

உப்பைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. உலக சராசரியே அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். தட்டில் நீங்கள் தூவுவது மட்டும் கணக்கில்லை, பாக்கெட்டில் அடைத்து வருவதெல்லாம் கணக்கு. எடை, மது, உடல் அசையாத வேலை, சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு இதெல்லாமும் தெரிந்த பட்டியல்தான்.

தெரியாத பட்டியல் ஒன்று இருக்கிறது, அதைத்தான் உங்களிடம் கேட்க வேண்டும். வலி மாத்திரை அடிக்கடி சாப்பிடுவீர்களா? இப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பிபியை ஏற்றும், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்த மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். மூக்கடைப்புக்கான சில மாத்திரைகள், ஸ்டீராய்டு, பெண்களுக்குச் சில கருத்தடை மாத்திரைகள் இவையும் ஏற்றும். அதிமதுரத்தைத் தினமும் மருந்தாகச் சாப்பிடுகிறவர்களுக்கு பொட்டாசியம் இறங்கி பிபி ஏறும், மூலிகைதானே என்று யாரும் டாக்டரிடம் சொல்வதே இல்லை. அப்புறம், ராத்திரி சத்தமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா? அதைப் பக்கத்தில் படுப்பவரிடம்தான் கேட்க வேண்டும், நமக்குத் தெரியாது.

மாலைநேரம்:

எல்லோருக்கும் நன்றி. கடல்காற்று, நீங்கள் கேட்டதைப் படித்ததும் கொஞ்சம் திக்கென்றது. முதுகு வலிக்காக டைக்ளோஃபெனாக் வாரத்தில் பாதி நாள் போகிறது, பரிசோதனைக்குப் போன அன்றும் போட்டிருந்தேன். குறட்டை பற்றி மனைவியிடம் கேட்டேன், ‘இப்போதாவது கேட்கத் தோன்றியதே’ என்றாள். எடையும் கல்யாணத்துக்குப் பிறகு நன்றாகவே ஏறியிருக்கிறது. நாடித்துடிப்பு சொன்ன மாதிரி ஒரு வாரம் எழுதிப் பார்த்ததில் சராசரி 136/87 வருகிறது. அப்படியானால் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? மாத்திரையா?

வார்டுவிளக்கு:

எல்லையில் நிற்கிறீர்கள், முடிவை உங்களைப் பரிசோதிக்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள், வலி மாத்திரை விஷயத்தையும் குறட்டையையும் மறக்காமல் சொல்லுங்கள். முதுகு வலிக்கு வேறு வழி உண்டா என்பதையும் அவரிடமே கேளுங்கள். நாற்பதுக்குக் கீழே பிபி வந்தால் வேறு காரணம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுவது வழக்கம். கிரியாட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் புரதம், சர்க்கரை, கொழுப்பு, ஒரு ஈசிஜி பார்ப்பார்கள், தேவைப்பட்டால் தைராய்டு, அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன், தூக்கப் பரிசோதனை. பெரும்பாலானவர்களுக்குத் தனிக் காரணம் என்று ஒன்றும் சிக்காது, ஆனால் சிக்குகிற சிலருக்கு வைத்தியமே வேறு.

மாத்திரை பற்றிய பயத்துக்கு ஒரு வார்த்தை. அது பழக்கமாகிப்போய் விட முடியாமல் ஆவதில்லை. காரணம் அப்படியே இருப்பதால், நிறுத்தினால் பிபி பழைய இடத்துக்கே போகிறது. எடை ஒரு கிலோ குறைந்தால் மேல் எண் சுமார் ஒரு புள்ளி இறங்கும், அதோடு உப்பைக் குறைத்து, வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமாக நடந்து, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதற்கும் சிகிச்சை எடுத்துக்கொண்ட பிறகு டாக்டரே மாத்திரையைக் குறைத்தவர்கள் உண்டு. ஆரம்பித்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அம்லோடிபின்னில் கால் வீங்கலாம், ராமிப்ரிலில் வறட்டு இருமல் வரலாம், சொன்னால் மாற்றிக் கொடுப்பார்கள்.

பொட்டாசியம் கலந்த உப்பு நல்லது என்று யாராவது சொல்வார்கள். சீனாவில் கிராமங்களில் நடந்து 2021இல் வெளியான பெரிய ஆய்வில் அது பக்கவாதத்தைக் குறைத்தது உண்மை. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கேட்காமல் அதைத் தொடக் கூடாது, ரத்தத்தில் பொட்டாசியம் எகிறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

சும்மாஒருவன்:

அந்த அதிபர் கதை எனக்குத் தெரியாது, சரி. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், மெஷின் வாங்கியவர்கள் மணிக்கொரு தடவை கட்டிப் பார்த்துப் பார்த்தே பிபியை ஏற்றிக்கொள்கிறார்கள். என் சித்தப்பா ராத்திரி எழுந்து பார்க்கிறார்.

நாடித்துடிப்பு:

இதை முழுசாக ஒத்துக்கொள்கிறேன். குறித்த நேரத்தில் பார், எழுது, மெஷினை உள்ளே வை. திடீரென்று 180/120க்கு மேல் காட்டினால் மட்டும் ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி பார்க்க வேண்டும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம், பார்வை மங்கல் இதில் ஏதாவது கூட இருந்தால் மறுபடி பார்ப்பதற்கெல்லாம் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும். அறிகுறி இல்லாமல் எண் மட்டும் அங்கேயே நின்றால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மாலைநேரம்:

டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன். கடைசியாக ஒரு சின்னக் கேள்வி, எந்தக் கையில் பார்ப்பது? எனக்கு வலது கையில் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுகிறது.

நாடித்துடிப்பு:

கூடுதலாகக் காட்டும் கையிலேயே பாருங்கள், எப்போதும் அதே கை. நாலைந்து புள்ளி வித்தியாசம் சகஜம். இரண்டு கைக்கும் 15க்கு மேல் தொடர்ந்து வித்தியாசம் வந்தால், ஒரு பக்கத் தமனியில் சுருக்கம் இருக்கலாம், அதையும் அந்த நோட்டில் எழுதிக் காட்டுங்கள்.