பிரவுசரைத் திறந்ததும் தானாகத் திறக்கும் தளங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

தாமிரபரணிக்காரி:
ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க எங்கள் ஊர் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். குரோமைத் திறந்ததுமே, நான் எதையும் தட்டுவதற்குள், யாரோ ஒரு பெண்ணின் டேப்கள் வரிசையாக வந்து நின்றன. நடுவில் அவருடைய மெயில். அனுப்பாத கடிதம் ஒன்று திறந்தபடி இருந்தது. "அம்மாவிடம் இதைச் சொல்லாதே" என்பது முதல் வரி. மேற்கொண்டு படிக்காமல் லாக்அவுட் செய்துவிட்டேன். ஆனாலும் அந்த வரி மனதை விட்டுப் போகவில்லை. சென்டர்காரரிடம் சொன்னதற்கு, "கரன்ட் போனா எல்லாம் போயிடக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்கேம்மா" என்றார். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ.

வயல்வரப்பு:
எனக்கு நல்ல அனுபவம்தான். அப்பாவுக்குப் பார்க்கின்சன், கை நடுக்கத்தில் டைப் செய்ய வராது. பயர்பாக்ஸ் ஹோம் பேஜ் கட்டத்தில் தினமணி, வானிலை ஆய்வு மையம், தமிழ் விக்கிப்பீடியா மூன்றின் முகவரிகளையும் நடுவில் செங்குத்துக் கோடு (|) போட்டு வரிசையாகக் கொடுத்தேன். மறுநாள் காலை அவரே திறந்து, தலையங்கத்தை அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். பல மாதம் கழித்து அந்தக் குரலைக் கேட்டேன்.

கணினிமேசை:
தாமிரபரணிக்காரி, நீங்கள் சொல்வது, நாம் குறித்த தளம் தானாகத் திறக்கும் இந்த வசதியே இல்லை. குரோமின் 'ஆன் ஸ்டார்ட்அப்' பகுதியில் மூன்று வழி உண்டு: வெறும் புது டேப், விட்ட இடத்திலிருந்து தொடர்வது, நாம் குறித்துக் கொடுக்கும் பக்கங்கள். அந்த சென்டரில் இருந்தது இரண்டாவது. அதில் டேப் மட்டுமல்ல, பிரவுசரை மூடினால் அழிய வேண்டிய செஷன் குக்கீயும் (லாகினை நினைவில் வைக்கும் சிறு தகவல்) தங்கிவிடும். லாகின் அப்படியே இருந்ததற்கு அது காரணமாக இருக்கலாம். பலர் புழங்கும் கணினியில் கெஸ்ட் விண்டோதான் (யார் கணக்கிலும் சேராத தற்காலிக ஜன்னல்) சரி, மூடியதும் ஹிஸ்டரி, குக்கீ எல்லாம் அழிந்துவிடும். என் கதை சின்னது: ஏதோ ஓர் இலவச மென்பொருளை நிறுவியதும் தொடக்கப் பக்கம் மாறி, தினமும் விளம்பரமாக வந்தது. அப்படி யாருக்காவது வந்தால் முதலில் எக்ஸ்டென்ஷன்களை (பிரவுசரோடு சேரும் கூடுதல் நிரல்கள்) பாருங்கள், தெரியாததை நீக்குங்கள். அப்புறம் டெஸ்க்டாப் ஷார்ட்கட்டின் ப்ராப்பர்டீஸில் 'டார்கெட்' வரியின் வால் பகுதியில் ஏதாவது முகவரி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். செட்டிங்ஸில் எவ்வளவு மாற்றினாலும் அது இருக்கும்வரை போகாது. வங்கித் தளத்தைத் தொடக்கப் பக்கமாக வைப்பவர்கள் லாகின் செய்தபின் வரும் உள்பக்கத்தை வைக்காதீர்கள், முகப்பை வையுங்கள். உள்பக்கம் மறுநாள் 'செஷன் முடிந்தது' என்றுதான் காட்டும்.

மழைக்காலம்:
கணினிமேசை, "இந்த வசதியே இல்லை" என்று ஒதுக்காதீர்கள். மாட்டிக்கொண்டவருக்கு இரண்டாவது வழி, மூன்றாவது வழி என்பதெல்லாம் தெரியாது. மூன்றாவதை வைத்தாலும், தளத்தில் 'லாகினை நினைவில் வை' என்று டிக் செய்திருந்தால் உள்ளே போய்த்தான் நிற்கும்.

நான் ஆசிரியை. வீட்டு லேப்டாப்பை எட்டாம் வகுப்புக்கு எடுத்துப் போய் புரொஜெக்டரில் இணைத்தேன். பாடத்துக்காக பிரவுசரைத் திறந்தால், முந்தின இரவு நானும் கணவரும் பார்த்த குழந்தைப்பேறு சிகிச்சைப் பக்கம் சுவர் முழுக்க. என் கை ஓடவில்லை. முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து போய் லென்ஸைக் கையால் மறைத்தாள். "மூடிட்டீங்களா மிஸ்?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை எடுத்தாள். வகுப்பில் ஒருவர்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. அவளுக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை, எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

தாமிரபரணிக்காரி:
மழைக்காலம், அந்தப் பெண்ணிடம் "அன்னைக்கு தேங்க்ஸ்மா" என்று மட்டும் சொல்லுங்கள், போதும். கணினிமேசை, கெஸ்ட் விண்டோ பற்றி சென்டர்காரரிடம் சொன்னேன். பாதி விண்ணப்பத்தில் கரன்ட் போனால் அதை எப்படி மீட்பது என்று கேட்கிறார். வழி இருக்கிறதா?