கார்பன் பைபர் இறக்கைக்கு நடுவில் எதை வைக்க?

பாளையங்கோட்டை: ட்ரோன் இறக்கை செய்யுதேன். நடுவுல நோமெக்ஸ் தேன்கூடு (தேன்கூடு மாதிரி குழி குழியா இருக்கிற லேசான காகிதப் பலகை) வச்சு வேக்குவம் இன்ஃப்யூஷன் (காத்தை உறிஞ்சி ரெசின் பசையை உள்ள இழுக்கிற முறை) போட்டேன், எடை கூடிட்டு. எங்க தப்பு, அண்ணாச்சி?

உவரி: தம்பி, ஓரத்தை அறுத்துப் பாரு. குழியெல்லாம் ரெசின் நிறைஞ்சு கெட்டியா நிக்கும். இன்ஃப்யூஷனுக்கு பிவிசி ஃபோம் (பிளாஸ்டிக் நுரைப் பலகை) எடு. தேன்கூடுதான் வேணும்னா ப்ரீப்ரெக் (முன்னமே ரெசின் ஊறின கார்பன் துணி) போடு, இல்லைன்னா மேலயும் கீழயும் வர்ற கார்பன் தோலைத் தனியா வார்த்து ஒட்டு. அலுமினியத் தேன்கூடு வேண்டாம். கார்பன் பட்டா அரிச்சிரும், உப்புக்காத்துல இன்னும் சீக்கிரம். வள்ளத்துல போல்ட் துளை வழியா தண்ணி இறங்கி நடுவுல அழுகின பால்சா மரத்தை என் கையால தோண்டி எடுத்திருக்கேன். கறுப்பா, ஈரப் புண்ணாக்கு மாதிரி வந்துச்சு.

பாளையங்கோட்டை: அறுத்துட்டேன், அப்படியேதான் இருக்கு. ஃபோம் 10 மில்லிமீட்டர் வேணுமா?

உவரி: முதல்ல 5 போட்டுப் பாரு. ஃபோம் தடிமன் இரட்டிச்சா விறைப்பு ஏறக்குறைய 4 மடங்கு ஏறும்.

வள்ளியூர்: ஐப்பசி மழையில எப்பாக்ஸி ரெசின் கலக்காதீங்க, மேல பிசுபிசுன்னு படலம் கட்டும்.