ஏலக் கணக்கு போட்டவர் அரசியல் சாசனத்துக்கு யோசனை சொல்லலாமா?

குறுக்குக்கேள்வி:
ரோஜர் மையர்சனைப் பலர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். 2007இல் ஹர்விச், மாஸ்கின் இருவரோடும் பொருளாதார நோபலைப் பகிர்ந்துகொண்டவர். சரி, பரிசு கிடைத்த வேலை அருமையானது, மறுக்கவில்லை. ஆனால் ஏலத்துக்குச் சூத்திரம் எழுதியவர் பிற்காலத்தில் இராக், ஆப்கானிஸ்தான், உக்ரைன் என்று வரிசையாக ஆட்சியமைப்புக்கு யோசனை சொல்லக் கிளம்பியது எந்தத் தைரியத்தில்?

நெல்லிமரம்:
பிற்காலத்தில் என்பதே சரியில்லை. எந்தத் தேர்தல் முறையில் ஊழல் கட்சியைத் தோற்கடிப்பது எளிது என்று 1993லேயே எழுதிவிட்டார். ஏலத்துக்கே வருவோம். ஒருவர் ஒரு பொருளை ஏலம் விடுகிறார்; அவருக்கு அதனால் வேறு பயன் இல்லை. கேட்பவர்கள் ஒவ்வொருவரும் மனதில் வைத்திருக்கும் விலை, மற்றவர் விலையோடு தொடர்பில்லாமல், 0 முதல் 100 வரை எதுவாகவும் சம வாய்ப்போடு இருக்கலாம். எத்தனை பேர் வந்தாலும் ஆரம்ப விலையை 50 என்று வைப்பதுதான் விற்பவருக்கு லாபம் என்கிறது மையர்சனின் 1981 கட்டுரை. யாரும் 50 தரத் தயாரில்லை என்றால் பொருள் விற்காமலே கிடக்கட்டும்! முதலில் படிக்கும்போது கிறுக்குத்தனமாகத்தான் தோன்றும். உண்மையை மறைக்க வசதியுள்ள ஆட்களை வைத்துக்கொண்டு விதியை எப்படி எழுதுவது என்பதுதான் அங்கே கேள்வி. அமைச்சர்கள் மட்டும் வேறு ரகமா?

குறுக்குக்கேள்வி:
ஏலத்தில் விதியை மீறினால் வெளியே அனுப்பிவிடலாம். காபூலில் யாரை யார் வெளியே அனுப்புவது?

பழைய பாடம்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஆப்கானிஸ்தானைப் பற்றி அவர் சொன்னது இதுதான்: 2004 சாசனம் அதிகாரத்தை அளவுக்கு மீறித் தலைநகரில் குவித்துவிட்டது. 34 மாகாணங்களின் ஆளுநர்களையும் அதிபரே நியமித்தார். மாவட்ட சபைத் தேர்தல் சாசனத்தில் இருந்தது, கடைசிவரை நடக்கவே இல்லை. இதற்குப் பின்னால் இருப்பது அவருடைய 2006 கட்டுரை. யார் வந்தாலும் திருடத்தான் போகிறார் என்று மக்கள் நினைத்துவிட்டால், இருக்கிற திருடரை மாற்ற யாரும் மெனக்கெடமாட்டார்கள். மாகாணத்தில் பொதுப்பணத்தை ஒழுங்காகச் செலவு செய்து பெயர் எடுத்த ஒருவர் இருந்தால், மேலே இருப்பவருக்குப் பயம் வரும்.

குறுக்குக்கேள்வி:
கேட்க நன்றாக இருக்கிறது. மெக்ஸிகோ சாசனப்படி கூட்டாட்சிதான். ஆனாலும் 1929 முதல் 2000 வரை ஒரே கட்சியின் ஆட்சி. மாகாணங்கள் இருந்து என்ன கிழித்தன?

நெல்லிமரம்:
அந்த ஆட்சியை முடித்தது யார் என்று பாருங்கள். 2000இல் அதிபரான விசென்டே ஃபாக்ஸ் அதற்கு முன் குவானாஹுவாட்டோ மாகாண ஆளுநர். மையர்சனுக்குச் சாதகமாக இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்திருக்காது.

குறுக்குக்கேள்வி:
அவசரப்படாதீர்கள். எதிர்க்கட்சி ஒரு மாகாணத்தில் ஜெயித்ததை மத்திய அரசு முதன்முதலாக ஏற்றுக்கொண்டதே 1989இல், பாஹா கலிஃபோர்னியாவில். மேலே இருப்பவர் இடம் விட்ட பிறகுதான் கீழே உள்ளவர் பெயர் எடுக்க முடிந்தது. தன் பிடியைத் தானே தளர்த்தும் விதியில் எந்த ஆட்சியாளர் கையெழுத்துப் போடுவார்? உங்கள் கணக்கில் அது இல்லையே.

பழைய பாடம்:
இருக்கிறது. 2008இல் எழுதினார். ஆட்சியைப் பிடிக்கத் தளபதிகள் வேண்டும். ஜெயித்த பிறகு பங்கு கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் அவர்கள் சேரமாட்டார்கள். ஒருவரை ஏமாற்றினால் மற்றவர்களுக்கும் தெரியவரும், எல்லோரும் சேர்ந்து தன்னையே கவிழ்ப்பார்கள் என்ற நிலை இருந்தால்தான் தலைவரின் வாக்குக்கு மதிப்பு. அதனால் அவர்கள் கூடிப் பேச ஒரு சபை இருப்பதைத் தலைவரே விரும்புவார்.

குறுக்குக்கேள்வி:
அப்படியானால் ஆப்கானிஸ்தானின் அப்போதைய அதிபர் கர்சாய் ஏன் விரும்பவில்லை?

பழைய பாடம்:
படையும் பணமும் வெளிநாட்டிலிருந்து வந்தன. உள்ளூர் ஆட்களின் நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

குறுக்குக்கேள்வி:
இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறோம். அப்போது கோளாறு சாசனத்தில் மட்டுமா, அதற்குப் பின்னால் நின்று பணம் கொடுத்தவர்களிடமா? அவர்களைக் கட்டுப்படுத்த மையர்சன் எந்த விதியை எழுதினார், சொல்லுங்கள்.