டிராக்டர் ஹைட்ராலிக் மரைக்கு எந்தப் பசை நல்லது?

வணக்கமுங்க. எங்களுக்குக் காங்கேயம் பக்கம். டிப்பர் டிரெய்லருக்குப் போகும் ஹைட்ராலிக் லைனில், வால்வில் ஏறும் நிப்பிள் (இரண்டு பக்கமும் மரை உள்ள சின்ன இணைப்புக் குழாய்) மரையில் ஆயில் கசிகிறது. லோடு தூக்கும்போது சொட்டுச் சொட்டாக விழுகிறது.

டெஃப்லான் டேப் சுற்றச் சொல்கிறார்கள். எனக்கு அதில் மனசில்லை. டேப் பிசிறு ஒன்று உள்ளே போய் வால்வில் சிக்கினால் செலவு எங்கேயோ போய்விடும். அது தண்ணிக் குழாய்க்குத்தான் சரி.

எங்களுடையது கூம்பு மரைதான், பிஎஸ்பிடி என்பார்கள்; ஏற ஏற இறுகும். மரையிலேயேதான் அடைபட வேண்டும். நேர் மரையாக இருந்தால் பாண்டட் வாஷர் (ரப்பர் ஒட்டிய இரும்பு வாஷர்) மாற்றினாலே போதும், பசையே வேண்டாம். மரைப் பசையில் லாக்டைட் பிராண்டின் 545, 577 இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறேன். 545 ஹைட்ராலிக்குக்கென்றே வருவது. 577 பொதுவான மரைப் பசை.

தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: கொஞ்சம் தேய்ந்த மரையில் 545 நிற்குமா, இல்லை நிப்பிளையே மாற்றிவிடுவது நல்லதா? பழைய ஆயிலைப் போக்க நீங்கள் எதை வைத்துத் துடைக்கிறீர்கள்? எண்ணெய்ப் பசை இருந்தால் பிடிக்காதே. ஒட்டியபின் எத்தனை மணி நேரம் விட்டு லோடு ஏற்றுகிறீர்கள்?

அப்புறம், தாராபுரம், ஈரோடு பக்கம் சின்ன பாட்டில் எந்த மாதிரிக் கடையில் கிடைக்கும்? மஞ்சள் லோடு ஆரம்பிக்கும் முன்னால் முடித்துவிட வேண்டும். கையால் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்க.