சென்சரில் மூன்று வயர், போர்டில் இரண்டே வயர்: நீலத்தை எதில் கொடுப்பது?

மாடிவீடு:
எல்லோருக்கும் வணக்கம். அம்மா இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து பாத்ரூம் போகிறார். நடைவழி விளக்கின் சுவிட்ச் அடுத்த முனையில் இருப்பதால் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டேதான் போக வேண்டும், போன வாரம் நிலைப்படியில் கால் தடுக்கி விழப் பார்த்தார். அதனால் ஆள் நடந்தால் தானாக எரியும் மோஷன் சென்சர் ஒன்று வாங்கி வந்தேன், பழைய சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டலாம் என்று. சென்சரில் மூன்று வயர் இருக்கிறது. பழுப்பு பேஸ் (கரண்ட் வரும் வயர்), நீலம் நியூட்ரல் (கரண்ட் திரும்பும் வயர்), சிவப்பு பல்புக்கு என்று படத்தில் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சுவிட்சுக்கு வருவது இரண்டே வயர். பழுப்பையும் சிவப்பையும் அந்த இரண்டில் கொடுத்து, நீலத்தை டேப் சுற்றி விட்டேன், எரியவில்லை. தெரிந்த ஒருவர் "பக்கத்திலேயே எர்த் வயர் போகிறதே, நீலத்தை அதில் கொடு, எரியும்" என்கிறார். கொடுக்கலாமா? இல்லை, சென்சரே பழுதா?

செம்புக்கம்பி:
எர்த்தில் கொடுக்காதீர்கள். எரியும்தான், அதுதான் ஆபத்தே. சென்சர் தனக்காக எடுக்கும் கரண்ட் மிகக் குறைவு, அதனால் ஆர்.சி.சி.பி. (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) கூட உடனே விழாமல் இருக்கலாம், நாமும் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். பிறகு ஒரு நாள் எர்த் இணைப்பு எங்கேயாவது விட்டுப்போனால், பேஸ் அந்த சென்சர் வழியாக எர்த் வயருக்கு வந்து, அதே எர்த்தில் இருக்கும் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்பெல்லாம் ஷாக் அடிக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால், மற்ற சாதனங்களின் சிறு கசிவோடு இதுவும் சேர்ந்து காரணமே தெரியாமல் அடிக்கடி விழவும் கூடும்.

சென்சர் பழுது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. சாதாரண சுவிட்ச் பேஸை வெட்டி ஒட்டும் வேலையை மட்டும் செய்கிறது, அதனால் அதற்கு இரண்டு வயர் போதும். சென்சருக்குள் ஒரு சின்ன சர்க்யூட் எப்போதும் விழித்திருக்க வேண்டும், அதற்கு நியூட்ரல் இல்லாமல் உயிர் வராது. உங்கள் வீட்டில் நியூட்ரல் சுவிட்ச் போர்டுக்கு வராமல் நேராக விளக்குக்குப் போயிருக்கிறது, பல வீடுகளில் அப்படித்தான்.

ஆகவே சென்சரைப் போர்டில் வைக்காமல் விளக்குக்குப் பக்கத்தில் மேலே கொண்டுபோங்கள். அங்கே சுவிட்சிலிருந்து வரும் வயரும் இருக்கும், நியூட்ரலும் இருக்கும். பழைய சுவிட்சைத் திரும்ப அதன் இடத்திலேயே மாட்டிவிடுங்கள். சுவிட்சிலிருந்து வரும் வயர் சென்சரின் பழுப்புக்கு, சென்சரின் சிவப்பு பல்பின் ஒரு முனைக்கு. நியூட்ரலை மட்டும் இரண்டாகப் பிரித்து, ஒன்று சென்சரின் நீலத்துக்கு, இன்னொன்று பல்பின் மறு முனைக்கு. அவ்வளவுதான்.

தொடும் முன் எம்.சி.பி.யை (மெயின் போர்டில் அந்த லைனின் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்சை) இறக்குங்கள், சுவரில் இருக்கும் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏறாதீர்கள். வயரின் நிறத்தையும் நம்ப வேண்டாம், கையில் கிடைத்த நிறத்தில் இழுத்த வீடுகள் நிறைய. மல்டிமீட்டரில் பார்த்து, பேஸ் இல்லை என்று உறுதியான பிறகு கை வையுங்கள். இதில் எங்கேயாவது தயக்கம் வந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதுதான் நல்லது.

நிலைப்படி:
இரண்டு வயரிலேயே ஓடும் சென்சர் சுவிட்சும் கிடைக்கிறது, அதை நான் போட்டுப் பார்த்தேன். அது பல்பு வழியாகவே கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கொண்டு ஓடும், அதனால் சின்ன எல்.இ.டி. பல்பு அணைந்த பிறகும் மங்கலாக எரியும், இல்லையென்றால் விட்டு விட்டு மின்னும். பல்புக்குக் குறுக்கே பைபாஸ் கெபாசிட்டர் என்ற சின்ன பாகத்தைப் போட்டால் சரியாகும், ஆனால் உங்களிடம் மூன்று வயர் சென்சர் இருக்கும்போது அந்தத் தொல்லை வேண்டாம். பக்கத்து போர்டிலிருந்து நியூட்ரல் இழுக்கலாமே என்று யாராவது சொன்னால், அது இந்த விளக்கின் அதே சர்க்யூட்டின் (வயரிங் லைனின்) நியூட்ரலா என்று பார்க்காமல் செய்யாதீர்கள். வேறு சர்க்யூட்டின் நியூட்ரல் கலந்தால் அதுவே ஆர்.சி.சி.பி.யை இறக்கிவிடக்கூடும்.

இடம் பார்த்து வையுங்கள், அம்மாவுக்காக என்பதால் சொல்கிறேன். இந்த சென்சர் உடம்பின் வெப்பம் நகர்வதைப் பார்க்கிறது, குறுக்கே நடந்தால் உடனே பிடிக்கும், நேராக அதை நோக்கி வந்தால் தாமதமாகத்தான் பிடிக்கும். அதனால் அவர் அறைக் கதவைத் தாண்டும் இடம் சென்சருக்குக் குறுக்கே அமையட்டும். அறையே உடம்புச் சூட்டுக்கு நெருங்கிய வெக்கையில் இருந்தால் அது பிடிக்கும் தூரமும் குறையும், அதையும் கணக்கில் எடுங்கள். பல்பு சென்சரின் கண்ணில் படாமல் இருக்கட்டும், இல்லாவிட்டால் அணைந்ததும் தானே மறுபடி எரியும்.

மாடிவீடு:
இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. எர்த் பக்கமே போகவில்லை. இன்று காலை எலக்ட்ரீஷியன் வந்து மேலேயே இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனார், ஆனால் முன்னால் எவ்வளவு நடந்தாலும் எரியவில்லையே!

நிலைப்படி:
பகலில்தானே பார்க்கிறீர்கள்? சென்சரில் சூரியன், நிலா படம் போட்ட திருகு ஒன்று இருக்கும், அது நிலா பக்கம் இருந்தால் வெளிச்சத்தில் எரியவே எரியாது. சோதிக்கும் வரை சூரியன் பக்கம் திருப்புங்கள், எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதற்கான நேரத் திருகைக் குறைந்தபட்சத்தில் வையுங்கள். கரண்ட் கொடுத்ததும் ஒரு நிமிடம் போல விடுங்கள், அதற்கு முன் அது நிதானத்துக்கு வராது.

மாடிவீடு:
எரிகிறது அண்ணா! திருகுதான். இரவுக்கு நேரத்தை எவ்வளவு வைக்கலாம்?

செம்புக்கம்பி:
அம்மா மெதுவாக நடப்பவர் என்றால் தாராளமாக வையுங்கள், ஐந்து நிமிடம் போல. பாத்ரூமுக்குள் இதை நம்ப வேண்டாம், அசையாமல் உட்கார்ந்திருந்தால் ஆள் இல்லை என்று அணைத்துவிடும், உள்ளே தனி விளக்கே இருக்கட்டும். அப்புறம் சுவரில் இருக்கும் பழைய சுவிட்ச் எப்போதும் ஆனில் இருக்க வேண்டும், வீட்டில் யாராவது பழக்கத்தில் அணைத்துவிட்டால் சென்சரும் செத்துவிடும். அதன்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி வையுங்கள்.