‘டிஃபால்ட்’ மொழிக்கு ஒரு சொல் போதுமா?

அன்புடையீர், வணக்கம்.

செயலியின் அமைப்புகள் பக்கத்தில் வரும் ‘டிஃபால்ட்’ மொழியை ‘இயல்பிருப்பு மொழி’ என்றே எழுதிவிடலாம் என்னும் கருத்தை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. இயல்பிருப்பு, முன்னிருப்பு, இயல்புநிலை ஆகிய மூன்றும் புழக்கத்தில் உள்ளவையே. எனினும், எந்தப் பொருளுக்குப் பெயரிடுகிறோம் என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

பயனர் எதையும் தொடுவதற்கு முன்பே திரை எந்த மொழியில் விரிகிறதோ, அது ஒன்று. இதற்கு ‘முன்னிருப்பு மொழி’ பொருந்தும். ‘இயல்பு’ என்றால், தமிழரின் கைப்பேசியில் ஆங்கிலம் இருப்பதே இயல்பு என்றாகிவிடும். பயனர் தாமே தேர்ந்து நிலைநிறுத்துவது இன்னொன்று. அங்கே கலைச்சொல்லே வேண்டாம், ‘எப்போதும் இம்மொழியைப் பயன்படுத்து’ என்று எழுதினால் போதும்.

சிக்கல் மூன்றாவதில்தான் உள்ளது: தமிழாக்கம் இல்லாத இடத்தில் அதற்குப் பதிலாகக் காட்டப்படும் மொழி. மென்பொருள்களை மொழிபெயர்க்கப் பயன்படும் கெட்டெக்ஸ்ட் (gettext) முறையில் ஒரு சரத்துக்கு, அதாவது திரையில் தோன்றும் சொல்லுக்கோ தொடருக்கோ, தமிழாக்கம் இல்லையெனில் மூலச் சரமே, பெரும்பாலும் ஆங்கிலத்தில், அப்படியே தோன்றும். ஆண்ட்ராய்டிலோ பெயரில் மொழிக்குறியீடு இல்லாத ‘வேல்யூஸ்’ (values) கோப்புறையிலிருந்து சரம் எடுக்கப்படும். பயனர் தமிழைத் தேர்ந்த பின்னரும் நிகழ்வது இது என்பதால், இதையும் முன்னிருப்பு என்பது குழப்பமே. ‘மாற்று மொழி’ என்ற பரிந்துரையும் உதவாது. அருகிலேயே ‘மொழியை மாற்று’ என்ற பொத்தான் இருக்கையில், ‘மாற்று’ பெயரா ஏவலா என்று பயனர் தடுமாறுவார். ‘பின்துணை மொழி’ என்பது என் முன்மொழிவு.

இச்சொல் ‘பின்துணை வரிசை’ என விரியவும் இடந்தருகிறது. சிங்கப்பூர்த் தமிழ் இல்லையெனில் பொதுத் தமிழ், அதுவும் இல்லையெனில் ஆங்கிலம் என்பது ஒரு வரிசை. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7.0 முதல், பயனரே பல மொழிகளைத் தம் விருப்பப்படி அடுக்கிக்கொள்ளலாம். பொதுத் தமிழ் என்ற பெயரில் இந்திய வழக்கமே நுழைந்துவிடுவதையும் கவனிக்க வேண்டும்: சிங்கப்பூரில் 100,000 என்று எழுதுபவருக்கு 1,00,000 என்று காட்டுவது சொற்பிழை அன்று, அமைப்புப் பிழை.

‘முன்னிருப்பு’ என்பதற்கு எனக்குத் தோன்றும் ஒரே தடை, கணக்குச் செயலிகளில் அது முந்தைய கையிருப்பு என்று படிக்கப்படலாம் என்பதே. அத்தகைய செயலிகளில் ‘முன்னிருப்பு அமைப்பு’ என்று முழுமையாக எழுதலாம். ‘பின்துணை’ இலங்கை, மலேசிய நண்பர்களின் காதுக்கு எப்படி ஒலிக்கிறது என்று அறிந்த பின் சொற்பட்டியலில் சேர்ப்போம்.